ஒரே ஆளை எத்தனை தடவை நிரூபிப்பது?

சென்ற மாதக் கூட்டத்துக்கு வந்திருந்த அங்கத்தினர் ஒருவர், பேசுவதற்கு முன்பாக ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தார். ஆதார் நகல் மூன்று, வாக்காளர் அட்டை நகல் இரண்டு, பான் கார்டு, போட்டோக்கள், ஓரம் கிழிந்த பாஸ்புத்தகம். நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கிற தாய்மார் அவர். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென்று இரண்டு வருஷமாகச் சேர்த்த பணம் வங்கியில் இருக்கிறது. ஆனால் எடுக்க முடியவில்லை. "கே.ஒய்.சி. முடியவில்லை, கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று தடவை வங்கிக்குப் போனார். மூன்று நாள் சம்பளம் போயிற்று. நான்காம் நாள் வட்டிக்கு வாங்கிக் கட்டணத்தைக் கட்டினார்.

"அண்ணே, நான் நாந்தான்னு இன்னும் எத்தனை தடவை சொல்றது?" என்று கேட்டார்.

இந்த மாதத் தலையங்கத்துக்கு அந்தக் கேள்வியைவிட நல்ல பொருள் நமக்குக் கிடைக்கவில்லை.

வாடிக்கையாளர் யாரென்று வங்கி தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 2002-ல் சட்டம் வந்தது. 2005 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. அதன் கீழ்தான் வங்கிகள் அடையாளமும் விலாசமும் கேட்கின்றன. கேட்கட்டும். ஆனால் ஒரே மனிதரை ஒரு வங்கி கேட்கிறது, அடுத்த வங்கி கேட்கிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனி கேட்கிறது, சில வருஷம் கழித்து முதல் வங்கியே மறுபடியும் கேட்கிறது. சம்பளம் ஒரு வங்கியில், காஸ் மானியம் ஒரு வங்கியில், ஊர்க் கணக்கு இன்னொரு வங்கியில் என்று வாழ்கிற நம் குடும்பங்களுக்கு இது எத்தனை நாள் கூலி நஷ்டம்! பெரிய மனிதர் வீட்டுக்கு வங்கி அதிகாரியே பாரத்தை எடுத்துக்கொண்டு போகிறார். வரிசையில் நிற்பது நாம்தான்.

இதற்கு மாற்று உண்டா? உண்டு. ரயில்வேயில் வேலை பார்க்கிற நமக்கு அது நன்றாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனி முன்பதிவுப் பேரேடு. இங்கிருந்து மெட்ராஸ் போகிறவர் திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும் என்று மூத்த ஊழியர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எண்பதுகளின் மத்தியில் புதுடில்லியில் கணினி முன்பதிவு தொடங்கியது. 1999-ல் நாட்டின் முன்பதிவு மையங்கள் எல்லாம் ஒன்றாக இணைக்கப்பட்டன. இன்றைக்கு எந்த ஊர்க் கவுண்ட்டரிலும் எந்த ஊர் வண்டிக்கும் டிக்கெட் வாங்கலாம். பேரேடு ஒன்று, கவுண்ட்டர் பல. வங்கிகளுக்கும் அப்படி ஒரு பொதுப் பேரேடு ஏன் கூடாது?

அப்படி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது என்று சொன்னால் நம் அங்கத்தினர்களில் பாதிப்பேர் நம்பமாட்டார்கள். மத்திய கே.ஒய்.சி. பதிவகம் என்பது அதன் பெயர். வீடு, நிலத்தின் பேரில் வாங்கும் அடமானக் கடன்களைப் பதிவு செய்வதற்காக ஏற்பட்ட 'செர்சாய்' என்ற அமைப்பிடம் 2015-ல் மத்திய அரசு இந்தப் பொறுப்பை ஒப்படைத்தது. 2016-ல் வேலை தொடங்கியது. 2017 ஜனவரி முதல் வங்கிகளில் கணக்குத் தொடங்கும் ஒவ்வொரு தனிநபரின் விவரமும் அதில் ஏறவேண்டும். ஏறியதும் அவருக்கு 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அந்த எண்ணை வாடிக்கையாளருக்குத் தெரிவிப்பது வங்கியின் கடமை. அடுத்த வங்கிக்குப் போகும்போது எண்ணைச் சொன்னால் போதும். பதிவகத்திலிருந்து விவரத்தை அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும், அதே காகிதங்களை மறுபடி கேட்கக்கூடாது என்பது விதி. 2024 நவம்பரில் ரிசர்வ் வங்கி இதை இன்னும் இறுக்கியது. ஓரிடத்தில் விவரத்தை மாற்றினால் அந்த வங்கி அதைப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். நாம் கணக்கு வைத்திருக்கும் மற்ற வங்கிகளுக்குப் பதிவகமே செய்தி சொல்லவேண்டும்.

விதி இவ்வளவு அழகாக இருக்க, நம் தாய்மார் ஏன் மூன்று நாள் கூலியை இழந்தார்?

காரணங்கள் உண்டு. ஒன்று, 2017-க்கு முன் தொடங்கிய கணக்குகள், அடுத்த தடவை கே.ஒய்.சி. புதுப்பிக்கும்போதுதான் பதிவகத்தில் ஏறுகின்றன. நம்மில் பலர் அதற்கு முன்பே கணக்கு வைத்தவர்கள். இரண்டு, எண் கிடைத்தவர்களுக்கும் அது என்னவென்று யாரும் விளக்குவதில்லை. மொபைலில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வருகிறது, நாம் அழித்துவிடுகிறோம். மூன்று, விதியிலேயே ஒரு சந்து விடப்பட்டிருக்கிறது. விவரம் மாறியிருந்தாலோ, பத்திரத்தின் காலம் முடிந்திருந்தாலோ, அல்லது வங்கி 'அவசியம் என்று கருதினாலோ' காகிதங்களை மறுபடி கேட்கலாம். இந்தக் கடைசி வார்த்தை மற்ற விதிகளையெல்லாம் விழுங்கிவிடுகிறது. கருதுவதற்குக் காரணம் எழுதவேண்டியதில்லை என்றால் எல்லாம் அவசியமாகத்தான் தோன்றும்.

2025 பிப்ரவரி பட்ஜெட் உரையில், பதிவகம் புதுப்பிக்கப்பட்டு அந்த ஆண்டே நடைமுறைக்கு வரும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். புதுப்பிப்பதை வரவேற்கிறோம். ஆனால் கணினியைப் புதுப்பிப்பதோடு நின்றுவிட்டால் நமக்கு விடிவு இல்லை. ஏனெனில் புலம்பெயர்ந்து வாழ்கிற தொழிலாளிக்கு என்றே இரண்டு முள்கள் இதில் இருக்கின்றன.

முதல் முள், விலாசம். ஜங்புரா மதராசி கேம்ப்பை நாம் மறந்துவிட முடியுமா? பாராபுல்லா வடிகாலை ஒட்டித் தலைமுறைகளாக நம் மக்கள் வாழ்ந்த இடம். உயர்நீதிமன்ற உத்தரவின்பேரில் 2025 ஜூன் 1-ஆம் தேதி புல்டோசர் வந்தது. ஏறத்தாழ 370 குடிசைகள் மண்ணாயின. தகுதி உண்டென்று தேறிய குடும்பங்களுக்கு நரேலாவில் வீடு. மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆதாரிலும் வாக்காளர் அட்டையிலும் இருந்த விலாசம் ஒரே நாளில் இந்தப் பூமியிலேயே இல்லாமல் போயிற்று. வாடகைக் குடித்தனக்காரருக்கு வீட்டுக்காரர் ஒப்பந்தம் எழுதித் தருவதில்லை. மின்சார ரசீது அவர் பெயரில். இந்த நிலையில் 'நிலையான விலாசத்துக்குச் சான்று கொண்டுவா' என்றால் எங்கே போவது?

இங்கேயும் விதி நம் பக்கம்தான் இருக்கிறது என்பதைத் தோழர்கள் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஆதார் வழியாக அடையாளம் காட்டுகிறவர், இப்போது வேறு இடத்தில் குடியிருந்தால், தம் கையெழுத்திட்ட உறுதிமொழியாக அந்த விலாசத்தை எழுதிக் கொடுக்கலாம். கே.ஒய்.சி. புதுப்பிக்கும்போது விலாசம் மட்டும் மாறியிருந்தாலும் உறுதிமொழி போதும். இரண்டு மாதத்துக்குள் அதைச் சரிபார்ப்பது வங்கியின் வேலை. எதுவுமே மாறவில்லை என்றால் 'மாற்றமில்லை' என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் முடிந்தது. இந்த உறுதிமொழிகளை வங்கியின் ஊர்ப் பிரதிநிதியே வாங்கிக்கொள்ளலாம் என்று 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. கெடுவுக்கு முன் மூன்று அறிவிப்பு, கெடுவுக்குப் பின் மூன்று நினைவூட்டல், ஒவ்வொன்றிலும் ஒன்றாவது கடிதமாக வரவேண்டும் என்றும் அதே உத்தரவு சொல்கிறது. குறைந்த ஆபத்துப் பிரிவில் இருக்கும் கணக்குகளுக்குக் கெடு முடிந்த பிறகும் ஓராண்டு அல்லது 2026 ஜூன் 30, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை வரவு செலவை நிறுத்தக்கூடாது என்றும் சொல்கிறது. இடித்துத் தள்ளப்பட்ட வீட்டுக்குக் கடிதம் போட்டால் அது யார் கைக்குப் போய்ச் சேரும் என்பது வேறு கேள்வி.

இரண்டாவது முள், பெயர். வடக்கே எல்லோருக்கும் குடும்பப் பெயர் உண்டு. நமக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். மு. செல்வி என்பவர் ஆதாரில் 'செல்வி எம்', பான் கார்டில் 'செல்வி முருகேசன்', ஊர்ப் பாஸ்புத்தகத்தில் 'எம். செல்வி', கல்யாணத்துக்குப் பின் ரேஷன் கார்டில் கணவன் பெயரோடு இன்னொரு செல்வி. கவுண்ட்டரில் இருக்கும் மனிதர் ஒரு நிமிஷம் யோசித்தால் புரிந்துகொள்வார். கணினி யோசிக்காது, 'பொருந்தவில்லை' என்று தள்ளிவிடும். இப்போது ஒரு வங்கியில் தவறு நேர்ந்தால் ஒரு கணக்குத்தான் நிற்கிறது. பொதுப் பேரேட்டில் தவறு ஏறிவிட்டால் அந்தத் தவறு எல்லா வங்கிக்கும் போகும். ஒரு கிணற்றில் விழுந்த விஷம் எல்லாக் குடத்துக்கும் வருவதுபோல. ஆகவேதான் பொதுப் பேரேட்டை ஆதரிக்கிற நாமே, அதைத் திருத்தும் வழி நம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

இன்னொரு அச்சமும் உண்டு. கோடிக்கணக்கானவர்களின் போட்டோவும் விலாசமும் பிறந்த தேதியும் ஓரிடத்தில் குவிந்தால், அதை யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியவேண்டாமா? வங்கிக் கணக்கோடு ஆதாரைக் கட்டாயமாக இணைக்கச் சொன்ன விதியை 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2019-ல் வந்த சட்டத்திருத்தம், மக்கள் தாமாக விரும்பிக் கொடுத்தால் வங்கிகள் பயன்படுத்தலாம் என்று ஆக்கியது. விருப்பம் என்பது காகிதத்தில் இருக்கிறது. கவுண்ட்டரில் 'ஆதார் இல்லையா, போ' என்றால் எங்கே இருக்கிறது விருப்பம்? பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரலை இயந்திரம் ஏற்றுக்கொள்ளாதபோது அந்தத் தாய்மார் என்ன செய்வார்?

கவுண்ட்டரில் இருக்கும் வங்கி ஊழியர் நம் எதிரியல்லர். இருவர் பார்க்கவேண்டிய வேலையை ஒருவர் பார்க்கிறார். காகிதம் தவறினால் அவர் தலைதான் உருளும். ஆகவே பயத்தில் எல்லாவற்றையும் கேட்கிறார். நம் கோரிக்கை மேலே இருப்பவர்களை நோக்கித்தான்.

நாம் கேட்பது இவைதான். பதிவக எண்ணைச் சொன்னவரிடம் மறுபடி காகிதம் கேட்கும் வங்கி, ஏன் கேட்கிறது என்று எழுத்தில் தரவேண்டும். பதிவகத்தில் நம்மைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதை நம் தாய்மொழியில் நாம் பார்க்கவும், தவறைக் கட்டணமின்றி எந்த வங்கிக் கிளையிலும் குறித்த நாளுக்குள் திருத்தவும் வழி வேண்டும். நம் விவரத்தை யார் எடுத்தாலும் நமக்குச் செய்தி வரவேண்டும். முதலெழுத்து வித்தியாசத்துக்காக எந்தக் கணக்கையும் நிறுத்தக்கூடாது. வங்கியின் தவறால் கணக்கு நின்றால், போன கூலிக்கு வங்கி ஈடு கொடுக்கவேண்டும்.

நம் வீட்டையும் நாம் சரிசெய்துகொள்ள வேண்டும். மேஸ்திரியின் மொபைல் எண்ணைக் கணக்கில் கொடுத்துவிட்டுச் செய்தி வரவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. சொந்த எண்ணைக் கொடுங்கள். எண் மாறினால் உடனே சொல்லுங்கள். 'கே.ஒய்.சி. முடித்துத் தருகிறோம்' என்று போனில் அழைக்கிறவன் வங்கிக்காரன் அல்லன், திருடன். ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள், அனுப்பும் இணைப்பைத் தொடாதீர்கள், ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள். வங்கியில் உங்கள் 14 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பாஸ்புத்தகத்தின் உள்ளட்டையில் எழுதி வையுங்கள். எது கொடுத்தாலும் ரசீது வாங்குங்கள். எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குச் செலவு கிடையாது, விவரத்துக்கு 14448.

அந்தத் தாய்மாரின் கதைக்கு வருவோம். சங்கத்திலிருந்து இருவர் ரிசர்வ் வங்கி உத்தரவின் நகலோடு அவருடன் போனார்கள். சண்டை போடவில்லை. சம்பந்தப்பட்ட பத்தியை அடிக்கோடிட்டு மேலாளரிடம் காட்டினார்கள். அவர் படித்தார், உறுதிமொழியை வாங்கிக்கொண்டார். ஒன்பதாம் நாள் கணக்குத் திறந்தது. ஆனால் வட்டிக்கு வாங்கிய கடனுக்கு அவர் இன்னும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிறுதோறும் மாலையில் சங்க அறையில் உறுதிமொழிப் பாரம் எழுதித் தர ஏற்பாடு செய்திருக்கிறோம். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் உதவிக்கு வரலாம். கணக்கு நின்ற பிறகு ஓடி வராதீர்கள். நிற்பதற்கு முன்பே வாருங்கள்.