என் மனுவில் மாறிய ஒரு சொல்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

டவுன் பஸ் நெரிசலில் என் கைப்பையைப் பிளேடால் கீறி யாரோ செல்போனை எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் காலை அந்தப் பையோடு ஸ்டேஷனுக்குப் போனேன். எந்த ஸ்டேஷன் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ரைட்டர் ஒருவருக்கு மெமோ போகும், விஷயம் அதோடு முடிந்துவிடும்.

அவர் தன்மையான மனிதர்தான். கீறலில் விரலை விட்டுப் பார்த்து, "பழகின கை" என்றார். பிறகு மனுவைப் படித்தார். "'திருடு போச்சு'ன்னு எழுதாதீங்கம்மா, 'தவறிடுச்சு'ன்னு எழுதிக் குடுங்க. இப்பவே சி.எஸ்.ஆர். போட்டுத் தர்றேன். சிம் வாங்க அது போதும்." எனக்கும் சிம்தான் அவசரம். வேறொரு தாள் வாங்கி அப்படியே எழுதிக் கொடுத்தேன். பொய் சொன்னதில் எனக்கும் பங்குண்டு.

எனக்கு நஷ்டம் ஒரு போன். உங்கள் கணக்குக்கு நஷ்டம் ஒரு திருட்டு. எஃப்.ஐ.ஆர். ஆனால்தான் அது குற்றமாக எண்ணப்பட்டு, மாநிலக் குற்ற ஆவணக் காப்பகம் வழியாக டெல்லிக்குப் போகும். 1953ஆம் ஆண்டிலிருந்து தொகுக்கப்படும் 'இந்தியாவில் குற்றங்கள்' அறிக்கையில் ஏறும். வழக்காகாத புகாருக்குத் தரும் ரசீதான சி.எஸ்.ஆர். அந்த வாசற்படியிலேயே நின்றுவிடும். மீட்ட செல்போன்களை எஸ்.பி. உரியவர்களிடம் ஒப்படைக்கும் படம் பேப்பரில் வரும்போதெல்லாம் 'காணாமல் போன' என்றே போடுகிறார்கள். அத்தனையும் தானாகவா காணாமல் போயின?

சட்டத்தில் குழப்பம் இல்லை. பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 2013இலேயே சொல்லிவிட்டது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173(3) பிரிவு, சில குற்றங்களுக்கு 14 நாள் முதல்நிலை விசாரணைக்கு இடம் தருகிறது. அதற்கும் டி.எஸ்.பி. அனுமதி வேண்டும். மனுதாரரின் வாக்கியத்தைத் திருத்தச் சொல்ல எந்தப் பிரிவிலும் வழியில்லை.

ரைட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால் கோர்ட்டுக்கு நகல், விசாரணை, இறுதி அறிக்கை என்று வேலை நீளும். குற்ற ஆய்வுக் கூட்டத்தில், போன மாதத்தைவிட ஏன் கூடியது என்று இன்ஸ்பெக்டர் பதில் சொல்ல வேண்டியிருந்தால், அந்தக் கேள்வி கடைசியில் மனு எழுதுபவரின் பேனாவுக்குத்தான் வந்து சேரும். பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை எத்தனை பேர் படிக்கிறார்களோ!

பதிவான வழக்குகளிலும் இன்னொரு கழிவு உண்டு. ஒரே வழக்கில் பல குற்றங்கள் இருந்தால் தேசிய அறிக்கை எடுத்துக்கொள்வது மிகக் கடுமையான ஒன்றை மட்டும். வீடு புகுந்து நகையெடுத்து, தடுத்தவரைக் கொன்றால் கொலை ஏறும், திருட்டு ஏறாது. அமெரிக்காவிலும் நெடுங்காலம் இதே வழக்கம்தான். 2021 முதல் எஃப்.பி.ஐ., ஒரு சம்பவத்தில் பத்துக் குற்றங்கள் வரை தனித்தனியே பதியும் முறைக்கு முழுதாக மாறியது. மாறிய வருடம் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ் போன்ற பெருநகரப் போலீஸே புதிய முறையில் தகவல் தராமல், நாட்டுக் கணக்கு ஓட்டையாகிப் போனது. அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொண்டார்கள்.

டெல்லியின் விதி உங்கள் கையில் இல்லை. சி.எஸ்.ஆர். உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் மாதம் எத்தனை சி.எஸ்.ஆர். போடப்பட்டது, அதில் எத்தனை எஃப்.ஐ.ஆர். ஆனது, மீதி என்ன காரணத்தால் முடிக்கப்பட்டது என்பதை வெளியிடுங்கள். மனுதாரரின் வாக்கியம் அவர் சொன்னபடியே பதிவாகட்டும். எண்ணிக்கை கூடியதற்காக யாரையும் கேள்வி கேட்பதில்லை என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். முதல் வருடம் எண் ஏறும். சட்டசபையிலும் டி.வி.யிலும் திட்டு விழும். அதைத் தாங்க வேண்டியவர் நீங்கள்தான்.

என் மனுவைத் திருத்தி எழுதித் தரத் தயார். பையை இன்னும் தைக்கவில்லை.

இப்படிக்கு,
சி.எஸ்.ஆர். ரசீது வைத்திருக்கும் ஒரு பயணி