வரிசையை எழுதுவது யார்?

கைபேசித் திரையின் உயரம் ஒரு சாண்கூட இராது. அந்தச் சிறிய இடத்தில் ஒரு பெருநகரத்தின் உணவகங்கள், கடைகள், வாடகைக் கார்கள் அனைத்தும் அடங்கிவிடுகின்றன. அடக்கும் முறை எளியது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை; அட்டையில் ஒரு படம், பெயர், விலை, வாடிக்கையாளர் அளித்த மதிப்பெண். அட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கினால் பட்டியல். விரலால் தள்ளத் தள்ள அது நகர்ந்துகொண்டே போகும். இந்தியாவில் புழங்கும் வணிகச் செயலிகளில் பெரும்பாலானவற்றின் முகம் இதுவே.

இது வடிவமைப்பாளர்களின் அழகுணர்ச்சியைச் சார்ந்தது மட்டுமே என்று தோன்றலாம். ஆனால் திரையில் ஒரே நேரத்தில் தெரிபவை மூன்று அல்லது நான்கு அட்டைகளே. மென்பொருளும் அப்படித்தான் இயங்குகிறது. 2014இல் ஆண்ட்ராய்டின் லாலிபாப் பதிப்போடு கூகுள் வெளியிட்ட ரீசைக்ளர்வியூ என்னும் கருவி, திரையை நிரப்பத் தேவையான சில அட்டைகளை மட்டுமே உருவாக்குகிறது. மேலே நகர்ந்து மறைந்த அட்டையை எடுத்து, புதிய விவரங்களை நிரப்பி, கீழே மீண்டும் கொண்டுவருகிறது. இதனால் விலை குறைந்த கைபேசியிலும் நீண்ட பட்டியல் தடங்கலின்றி ஓடும். நல்ல பொறியியல் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த விவரம் முதல் அட்டையில் வரவேண்டும் என்பதை அந்தக் கருவி தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது நிறுவனத்தின் கணினியில் இயங்கும் அல்காரிதம். எது முதலில் நிற்கும், எது கண்ணுக்கே படாமல் போகும் என்பது பொறியியல் முடிவு அன்று, வணிக முடிவு.

இதே செயலிக்கு இன்னொரு முகம் உண்டு. உணவைக் கொண்டுசேர்க்கும் தொழிலாளி தன் கைபேசியில் காண்பது அந்த முகத்தைத்தான். நுகர்வோருக்கு விரியும் நீண்ட பட்டியல் அவருக்கு இல்லை. பெரும்பாலும் அவருக்கு வருவது ஒற்றை அட்டை. எங்கே எடுக்க வேண்டும், எவ்வளவு தூரம், எவ்வளவு தொகை என்று மூன்று நான்கு வரிகள். கூடவே குறைந்துகொண்டே வரும் நொடிகள். அவை தீர்வதற்குள் ஏற்றாக வேண்டும். அவர் வண்டியில் போய்க்கொண்டிருந்தாலும், உச்சி வெயிலில் திரை மங்கித் தெரிந்தாலும் நொடிகள் நிற்பதில்லை. அருகில் வேறு ஆர்டர் உண்டா, இந்த ஆர்டர் தனக்கு ஏன் வந்தது, மறுத்தால் அடுத்தது எப்போது வரும் என்பவற்றுக்கு அட்டையில் இடம் இல்லை. நுகர்வோர் நூறு அட்டைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார். தொழிலாளியோ நூறு பேரிலிருந்து தேர்ந்தெடுக்கப்படுகிறார். எதன் அடிப்படையில் என்பது அவருக்குத் தெரியாது.

இவரை நிறுவனங்கள் ‘பார்ட்னர்’ என்று அழைக்கின்றன. தமிழில் கூட்டாளி. கூட்டாளி என்றால் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்கும் உரிமை உண்டு. இந்தக் கூட்டாளிக்குத் தன் முறை எப்போது வரும் என்று கேட்கும் உரிமைகூடக் கிடையாது.

பட்டியலின் வரிசை பொதுநலன் சார்ந்தது என்பதை இந்தியச் சட்டம் அறியாமல் இல்லை. 2020 ஜூலையில் அறிவிக்கப்பட்ட நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், பொருட்களும் விற்பனையாளர்களும் எந்த முதன்மை அளவுகோல்களின்படி வரிசைப்படுத்தப்படுகின்றனர் என்பதை இணையச் சந்தை நிறுவனங்கள் எளிய மொழியில் வெளியிட வேண்டும் என்கின்றன. 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், திரை வடிவமைப்பின் வழியே மக்களை ஏமாற்றும் 13 உத்திகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. விளம்பரம் என்று தெரியாதபடி விளம்பரத்தைக் காட்டுவது அவற்றுள் ஒன்று. இல்லாத அவசரத்தை இருப்பதாகக் காட்டி வாங்கச் செய்வது மற்றொன்று.

இவை வரவேற்கத்தக்கவையே. ஆனால் இந்தப் பாதுகாப்பு வாங்குபவருக்கு உரியது, உழைப்பவருக்கு உரியதன்று. செருப்பு வாங்குபவரிடம் போலி அவசரம் காட்டினால் அது தவறான வணிக நடைமுறை. உழைப்பவரின் அட்டையில் நொடிகள் ஓடினால் அது திறமையான நிர்வாகம்! 2025 நவம்பர் 21 அன்று மோடி அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு மட்டுமே கிக் தொழிலாளரைப் பெயர் சொல்லி வரையறுக்கிறது. அதுவும் அவரை முதலாளி – தொழிலாளி என்னும் மரபான உறவுக்கு வெளியே நிறுத்துகிறது. நிறுவனங்கள் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் வரை சமூகப் பாதுகாப்புக்குச் செலுத்த வேண்டும் என்கிறது. வேலை எவ்வாறு பங்கிடப்படுகிறது என்னும் கேள்விக்குள் அது நுழையவில்லை. 2020–21இல் 77 லட்சமாக இருந்த கிக் தொழிலாளர் எண்ணிக்கை 2029–30இல் 2.35 கோடியாகும் என்று மதிப்பிட்டது நிதி ஆயோக்தான். இத்தனை பேரின் அன்றாடக் கூலியை நிர்ணயிக்கும் வரிசை, சட்டத்தின் கண்ணுக்குப் புலப்படவில்லை.

இந்தியத் தொழிலாளி வர்க்கத்துக்கு இது புதிய கேள்வி அன்று. பம்பாய்ப் பஞ்சாலைகளின் வாசலில் பதலித் தொழிலாளர்கள் காலையில் கூடி நிற்பார்கள். அன்று வராதவரின் இடத்துக்கு யாரை உள்ளே விடுவது என்பதை ஜாபர் எனப்பட்ட மேஸ்திரி முடிவு செய்வார். அவர் கையில் ஒரு வரிசை இருந்தது. அது யாருக்கும் தெரியாது. கையூட்டும் உறவும் சாதியும் அந்த வரிசையை எழுதின. மேஸ்திரியின் ஆதிக்கத்தைக் குறைக்கவென்று 1935இல் ஆலை முதலாளிகள் சங்கமே பதலித் தொழிலாளருக்கு அட்டை வழங்கும் முறையைக் கொண்டுவர நேர்ந்தது.

துறைமுகங்களில் மாற்றம் இன்னும் ஆழமாக நிகழ்ந்தது. துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் 1948இல் வந்தது. அதன்கீழ் 1951இல் பம்பாயில் உருவான திட்டப்படி தொழிலாளர் பெயர்கள் பதிவேட்டில் ஏறின. வேலை சுழற்சி முறையில் ஒதுக்கப்பட்டது. வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்கு ஒரு தொகை கிடைத்தது. அரசு, முதலாளிகள், தொழிலாளர் ஆகிய முத்தரப்பும் அமர்ந்த வாரியம் பட்டியலுக்குப் பொறுப்பேற்றது. 1969இல் மகாராஷ்டிரத்தின் சுமைதூக்கும் தொழிலாளரும் மாதாடிச் சட்டத்தின் வழியே இத்தகைய வாரியங்களைப் பெற்றனர். வேலை கூடியது என்பதைவிட, வேலையின் வரிசை தனியார் கையிலிருந்து பொதுவெளிக்கு வந்தது என்பதே அந்த வெற்றிகளின் உட்பொருள். இன்றைய செயலி அந்த வரிசையை மீண்டும் மேஸ்திரியின் சட்டைப்பைக்குள் கொண்டுபோய்விட்டது.

நிறுவனங்கள் சொல்லும் மறுமொழி தெரிந்ததே. அல்காரிதம் வணிக இரகசியம். உணவு ஆறுவதற்குள் ஆள் வேண்டும். பிடிக்காவிட்டால் தொழிலாளி மறுக்கலாம். முதல் வாதத்துக்கு 2020 விதிகளே பதில். நிரலை வெளியிடாமலேயே அளவுகோல்களைச் சொல்ல முடியும் என்பதை அவை ஏற்றுள்ளன. இரண்டாவது வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு; ஆயினும் விரைவாக முடிவெடுக்க வேண்டியவருக்குத்தான் முழு விவரமும் முன்கூட்டியே தேவை. மறுக்கும் சுதந்திரமோ, மறுப்பின் விலை அட்டையில் எழுதப்படாத வரை, பெயரளவுச் சுதந்திரமே. அட்டையை மாற்ற முடியாது என்பதும் உண்மையன்று. சேருமிடம் தெரியாமலே சவாரியை ஏற்க வேண்டிய நிலையை வாடகைக் கார் ஓட்டுநர்கள் நெடுங்காலம் எதிர்த்து வந்தனர். 2022 மே மாதத்தில் ஊபர் நிறுவனம் இந்திய நகரங்கள் பலவற்றில் சேருமிடத்தையும் கட்டணம் செலுத்தும் முறையையும் முன்கூட்டியே காட்டுவதாக அறிவித்தது. முடியாது என்று சொல்லப்பட்டது, எதிர்ப்பு வலுத்தபின் அட்டையில் இரண்டு வரிகளாக வந்து நின்றது.

சட்டமும் அசையத் தொடங்கியுள்ளது. 2023இல் ராஜஸ்தான் கிக் தொழிலாளருக்கான நாட்டின் முதல் சட்டத்தை இயற்றியது. கர்நாடகத்தின் 2025ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபடி மேலே சென்று, தானியங்கி முறையில் எடுக்கப்படும் முடிவுகள் தொழிலாளரை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை அவருக்குப் புரியும் மொழியில் தெரிவிக்கும் கடமையை நிறுவனங்கள்மீது சுமத்தியது. ஆனால் செயலிக்கு மாநில எல்லை இல்லை. பெங்களூரில் கிடைக்கும் விளக்கம் தில்லியிலும் கிடைக்க வேண்டுமானால் மத்தியச் சட்டம் வேண்டும்.

அச்சட்டம் கேட்க வேண்டியவை சிலவே. வேலை ஒதுக்கும் அளவுகோல்கள் எழுத்தில் தரப்பட வேண்டும். அட்டையில் முழுத் தூரமும் முழுத் தொகையும் தெரிய வேண்டும். வண்டி ஓடும்போது நொடிகள் ஓடக்கூடாது. மறுத்ததற்கு மறைமுகத் தண்டனை கூடாது. அளவுகோலை மாற்றுமுன் தொழிற்சங்கத்தோடு பேச வேண்டும்.

2025 டிசம்பர் 25, 31 ஆகிய நாட்களில் டெலிவரித் தொழிலாளர்கள் பல நகரங்களில் செயலியை அணைத்துவிட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். வெளிப்படையான ஊதிய முறையும், காரணம் சொல்லாமல் கணக்கை முடக்குவதற்கு முற்றுப்புள்ளியும் அவர்களின் கோரிக்கைகளுள் அடங்கும். துறைமுகத் தொழிலாளி தன் பெயரைப் பதிவேட்டில் படிக்க முடிந்தது. டெலிவரித் தொழிலாளியும் தன் வரிசையைத் தன் திரையிலேயே படிக்க முடிய வேண்டும்.