அரிசி மூட்டைக்குள் ‘வண்டு மாத்திரை’ போடலாமா? ஒரே ஒரு மாத்திரை அறைக்குள் என்ன செய்யும்?

25 கிலோ அரிசி மூட்டை வாங்கி ரெண்டு மாசம்கூட ஆகியிருக்காது. முறத்தில் கொட்டினால், மூக்கு நீண்ட குட்டிக் குட்டி வண்டுகள் ஊர்ந்து போகும். “ஒரு மாத்திரை வாங்கித் துணியில முடிஞ்சு உள்ளே போட்டுடுங்க, அப்புறம் ஒண்ணும் வராது” என்று யாராவது யோசனை சொல்வார்கள். பொன்னேரி, மீஞ்சூர் பக்கம் நெல் சேர்த்து வைத்திருக்கும் வீடுகளுக்கும் இந்த யோசனை போகும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி, ஒரே அறையில் நாலைந்து பேர் தங்கி அரிசி மூட்டைக்குப் பக்கத்திலேயே படுத்துத் தூங்கும் தொழிலாளர்களுக்கும் போகும். ஆபத்து அதிகம் இந்த இரண்டாவது இடத்தில்தான்.

அது என்ன மாத்திரை?

அலுமினியம் பாஸ்பைடு. பார்க்க சாதாரண மாத்திரை மாதிரியே இருக்கும். ஆனால் காற்றில் உள்ள ஈரம் பட்டாலே பாஸ்பீன் என்ற வாயுவாக மாறத் தொடங்கும். வண்டைக் கொல்வது மாத்திரை அல்ல, இந்த வாயு. மூட்டைக்குள் போட்டால் மூட்டைக்குள்ளேயே இருக்கும் என்பது தப்புக்கணக்கு. சாக்குப் பையோ, பிளாஸ்டிக் கோணியோ இந்த வாயுவைத் தடுக்காது.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 3 கிராம் மாத்திரை ஒன்று சுமார் 1 கிராம் பாஸ்பீனை வெளியிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி இருக்கிற, கதவு ஜன்னல் மூடிய அறை என்றால், காற்றில் 10 லட்சத்துக்குச் சுமார் 25 பங்கு இந்த வாயு கலந்திருக்கும். அமெரிக்காவில் தொழிலாளர்கள் 8 மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு தெரியுமா? 10 லட்சத்துக்கு வெறும் 0.3 பங்கு. அதாவது ஒரே மாத்திரையில் 80 மடங்கு தாண்டிவிடுகிறது. இரண்டு மாத்திரை போட்டால் சுமார் 50 பங்கு. அது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்ட அளவு.

பூண்டு வாடை அல்லது அழுகிய மீன் வாடை வரும் என்பார்கள். அதை நம்பி இருக்க முடியாது, தூங்குகிறவருக்கு வாடை தெரியவும் தெரியாது. இந்த விஷத்துக்கு முறிமருந்தும் கிடையாது. மருத்துவர்கள் இதயத்தையும் மூச்சையும் தாங்கிப் பிடிக்கத்தான் முடியும்.

உணவு ஒவ்வாமை என்று நினைத்தால்...

தலைவலி, வாந்தி, வயிற்றுவலி, மயக்கம். பாஸ்பீன் விஷத்தின் ஆரம்ப அறிகுறிகள் இவைதான். அதனால் ‘ஏதோ சாப்பாடு ஒத்துக்கல’ என்று நினைத்து நேரத்தை இழக்கிறார்கள். 2025 நவம்பரில் துருக்கியின் இஸ்தான்புல் நகரில், ஜெர்மனியில் இருந்து சுற்றுலா வந்த நான்கு பேர் கொண்ட குடும்பமே உயிரிழந்தது. முதலில் சந்தேகம் தெருக்கடை உணவு மீதுதான் விழுந்தது. பிறகே அவர்கள் தங்கிய ஹோட்டலில் மூட்டைப்பூச்சிக்காக வைத்த மருந்தின் பக்கம் விசாரணை திரும்பியது.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாகாணம் அமரில்லோவில் 2017 ஜனவரியில் நடந்தது இன்னும் கொடுமை. வீட்டுக்கு அடியில் போட்டிருந்த இதே வகை மருந்தைக் கழுவிவிடலாம் என்று தண்ணீர் அடித்தார்கள். தண்ணீர் பட்டதும் வாயு மொத்தமாகக் கிளம்பியது. நான்கு குழந்தைகள் இறந்தார்கள்.

நம் பக்கத்திலும் மறக்க முடியாத சம்பவம் உண்டு. குன்றத்தூர் அருகே 2024 நவம்பரில் அடுக்குமாடி வீடு ஒன்றில் எலித் தொல்லைக்காகத் தனியார் நிறுவனத்தினர் மருந்து வைத்துவிட்டுப் போனார்கள். அன்றிரவு ஏசி போட்டு, அறையை மூடிக்கொண்டு குடும்பம் தூங்கியது. 6 வயதுச் சிறுமியும் 1 வயது ஆண் குழந்தையும் உயிரிழந்தனர். அது எலிக்கு வைத்த மருந்து, அரிசி வண்டுக்கு அல்ல. ஆனால் விஷ மருந்து வைத்த வீட்டில் மூடிய அறைக்குள் தூங்குவது என்ன செய்யும் என்பதற்கு அதைவிட நெருக்கமான உதாரணம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் அலுமினியம் பாஸ்பைடு கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அரசு நிறுவனங்கள், உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்கள் ஆகியவற்றுக்குத்தான் விற்கலாம். அதையும் நிபுணர் மேற்பார்வையில்தான் பயன்படுத்த வேண்டும். 10, 20 மாத்திரைகள் கொண்ட குழாய் டப்பாக்களுக்கு 2001-லேயே முழுத் தடை வந்துவிட்டது. அப்படியிருக்க, ஒரு மாத்திரை உதிரியாக உங்கள் கைக்கு வருகிறது என்றால், அது வரக்கூடாத வழியில்தான் வந்திருக்கிறது.

அப்போ கிடங்கில் மட்டும் எப்படிப் போடுகிறார்கள்?

ஆவடி இந்திய உணவுக் கழகக் கிடங்கு மாதிரியான இடங்கள், செங்குன்றம் அரிசி ஆலைகள் எல்லாம் இருக்கும் மாவட்டத்தில் இந்தக் கேள்வி நியாயமானதுதான். கிடங்குகளில் மூட்டை அடுக்கை வாயு கசியாத தார்ப்பாயால் மூடி, ஓரங்களில் மணல் நிரப்பிய நீளப் பைகளை வைத்து அடைத்து, 5 முதல் 7 நாட்கள் யாரையும் அண்ட விடாமல் வைத்திருப்பார்கள். பிறகு திறந்து காற்றாட விடுவார்கள். வாயு அளக்கும் கருவியும் முகக் கவசமும் இல்லாமல் இந்த வேலை கூடாது.

இதை அரைகுறையாகச் செய்தால் வேறொரு விபரீதம் வருகிறது. தார்ப்பாயில் ஓட்டை, இல்லையென்றால் ரெண்டே நாளில் பிரித்துவிடுவது... இப்படி வாயு குறைந்தால் வளர்ந்த வண்டுகள் சாகும், முட்டையும் கூட்டுப்புழுவும் தப்பிக்கும். தாக்குப்பிடிக்கும் வண்டுகளின் வாரிசுகள் பெருகும். பாஸ்பீனுக்குப் பழகிப்போன பூச்சிகளை ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு 1972-73 ஆய்விலேயே கண்டறிந்துவிட்டது. சிவப்பு மாவு வண்டு, தானியத் துளைப்பான் ஆகியவற்றில் இந்த எதிர்ப்புச் சக்தி இப்போது இந்தியாவிலும் பெரிய தலைவலி. மெத்தில் புரோமைடு என்ற இன்னொரு வாயுவோ ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் பெரும்பாலான பயன்பாடுகளில் இருந்து விலக்கப்பட்டுவிட்டது. கிடங்குகளுக்கே கையில் மிஞ்சியிருப்பது கிட்டத்தட்ட இந்த ஒரு ஆயுதம்தான். வீட்டில் துணியில் முடிந்து போடுவது அரைகுறை முறையிலேயே மோசமான முறை. மனிதனுக்கு ஆபத்து, வண்டுக்குப் பயிற்சி.

வண்டு எங்கே இருந்து வருகிறது?

அரிசியிலேயே வண்டு ‘உண்டாகிறது’ என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உண்மையில் தாய் கூன் வண்டு தானியத்தில் துளை போட்டு, முட்டையிட்டு, பசை மாதிரி ஒன்றால் அடைத்துவிடும். புழு உள்ளேயே தின்று வளர்ந்து, நம்ம ஊர் வெப்பத்தில் சுமார் ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். அதனால்தான் சுத்தமாகப் புடைத்து வைத்த அரிசியிலும் திடீரென வண்டு தெரிகிறது. நெல் அந்துப்பூச்சி இன்னும் கில்லாடி. கதிர் முற்றும்போதே வயலில் முட்டை வைத்துவிடும்.

இதற்கெல்லாம் சாதகம் ஈரப்பதம். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம் வரை வாங்குகிறார்கள். 2025 அக்டோபரில் அறுவடை மழையில் சிக்கியபோது, அதை 22 ஆக உயர்த்தும்படி தமிழக அரசு கேட்க, மத்தியக் குழுவினர் நேரில் வந்து ஆய்வு செய்தார்கள். இங்கே ஒரு குழப்பம் வருகிறது. 17 என்பது வாங்குவதற்கான வரம்பு, வைத்திருப்பதற்கானது அல்ல. வீட்டில் சேமிக்கும் நெல் 14-க்குக் கீழேயும், விதை நெல் 12, 13-க்கும் வர வேண்டும். கருவி இல்லையா? பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடையணும், நசுங்கக் கூடாது.

சரி, வீட்டில் என்ன செய்வது?

நெல்லை வெயிலில் காயவைக்கலாம். அரிசியை வெயிலில் போட்டால் உடையும், நிழலில் பரப்பிச் சலித்தால் போதும். பழைய அரிசியின் மேல் புது அரிசியைக் கொட்டுவதுதான் பலரும் செய்யும் தப்பு. டிரம்மின் அடியில் தங்கிய மாவிலேயே அடுத்த தலைமுறை காத்திருக்கும். மறுபடி பயன்படுத்தும் சாக்கைக் கொதிநீரில் முக்கிக் காயவைக்க வேண்டும். கொஞ்சம் அரிசி என்றால் பாக்கெட் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தாலே முட்டை உட்பட செத்துவிடும். வேப்பிலை, வசம்பு ஓரளவு விரட்டும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாது. துவரையைச் செம்மண் கட்டி வைப்பதும், முழுப் பயறில் விளக்கெண்ணெய் தடவி வைப்பதும் பாட்டி காலத்து வழிகள்தான், ஆனால் இன்றும் பலன் தருபவை.

மூட்டைக்கணக்கில் வைத்திருப்பவர்களுக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறி உண்டு. சுற்றிலும் 2 மி.மீ. துளைகள் போட்ட குழாய், அவ்வளவுதான். தானியத்தில் செருகினால், காற்றோட்டத்தைத் தேடும் வண்டு துளை வழியாக நுழைந்து அடியில் உள்ள குப்பியில் விழுந்துவிடும். மருந்தே வேண்டாம், வண்டு வந்திருக்கிறதா என்பதும் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

ஏற்கெனவே வீட்டில் மாத்திரை போட்டிருந்தால், கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு எல்லோரும் உடனே வெளியே வந்துவிடுங்கள். மூட்டையைக் கிளறவோ, தண்ணீர் ஊற்றவோ வேண்டாம். வெறும் சாம்பல் மாதிரி தெரியும் தூளிலும் மிச்ச மருந்து இருக்கும், அதைக் குழாயடியில் கழுவக் கூடாது. யாருக்காவது வாந்தி, மயக்கம் இருந்தால் 108-ஐ அழைக்கும்போதே என்ன மருந்து வைத்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள்.