பந்து, தம்பி, இதயம்

கம்ப்யூட்டர் லேபில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் நான் முதலில் சொல்வது இதுதான்: "கண்ணை மூடிக்கிட்டு, மேடு எங்க இருக்குன்னு தடவிப் பாருங்க." விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டின் மேலும் சின்னதாக ஒரு கோடு புடைத்திருக்கும். வீட்டில் அப்பாவின் லேப்டாப்பைத் தொட்டுப் பழகிய பிள்ளைகூட அதைக் கவனித்திருக்காது. "மிஸ், கிடைச்சிருச்சு!" என்று ஒரு மூலையிலிருந்து குரல் வரும். பிறகு வகுப்பு முழுக்க அதே சத்தம்தான். ஆள்காட்டி விரல்கள் இரண்டும் அந்த மேடுகளில் உட்கார்ந்துவிட்டால் மற்ற விரல்களுக்கும் அதனதன் இடம் தெரிந்துவிடும்.

பார்க்காமல் டைப் அடிக்கக் கற்றுக்கொள்ள ஆறு, ஏழாம் வகுப்புதான் சரியான வயது என்பது என் உறுதியான எண்ணம். கை அளவு பலகைக்குப் பொருந்தி வந்துவிடுகிறது. இரண்டு விரலால் குத்திக் குத்தி அடிக்கும் பழக்கம் இன்னும் இறுகியிருக்காது. ஒன்பதாம் வகுப்பைத் தாண்டினால் பொதுத்தேர்வுப் பேச்சு ஆரம்பமாகிவிடும். அப்புறம் இதற்கு யாரும் நேரம் தர மாட்டார்கள்.

ஆனால் எதில் தொடங்குவது? "இங்கிலீஷ் டைப்பிங் சொல்லிக் குடுங்க, நாளைக்கு வேலைக்கு உதவும்" என்கிறார்கள் பெற்றோர். நான் தமிழில்தான் தொடங்குகிறேன். விசைகளின் மேல் ஆங்கில எழுத்து அச்சாகியிருக்கிறது. குனியாதே குனியாதே என்று தொண்டை வற்றக் கத்தினாலும் பிள்ளையின் கண் அங்கேதான் போகும். தமிழ் எழுத்து அங்கே இல்லை. குனிந்து பார்த்தாலும் பயனில்லை. எதிர்ச் சுவரில் தொங்கும் தமிழ் விசைப்பலகைப் படத்தைத்தான் நிமிர்ந்து பார்த்தாக வேண்டும். சில நாளில் அதையும் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். தமிழ் எழுத்து ஸ்டிக்கர் வாங்கி ஒட்டித் தருகிறோம் என்று அன்போடு வருகிறவர்களிடம் தயவுசெய்து வேண்டாம் என்கிறேன்.

நான் சொல்லிக்கொடுப்பது தமிழ் 99. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்களில் பெரும்பாலானவை வலக்கையில். விரல்கள் ஓய்வாக இருக்கும் நடு வரிசையில் இடப்பக்கம் அ, இ, உ, ஃ, எ. வலப்பக்கம் க, ப, ம, த, ந, ய. இந்த ஒரு வரிசையை வைத்தே முதல் நாளில் 'பந்து' அடித்துவிடலாம். ப, ந, த, உ என்று நான்கு தட்டு; நகரத்துக்குப் புள்ளி தானாகவே விழும். 'தம்பி'யும் அப்படித்தான். 'இதயம்' அடிக்கையில் கடைசி மகரத்துக்கு மட்டும் ஃ-ஐத் தட்ட வேண்டும். அது இடது ஆள்காட்டி விரலின் மேட்டிலேயே இருக்கிறது.

டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் 'ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்' என்று பக்கம் பக்கமாக அடித்துத் தேறியவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அந்த ஒழுக்கத்தால் லோயர், ஹையர் முடித்து அரசு வேலைக்குப் போன குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனையோ. ஆனால் பதினோரு வயதுப் பிள்ளைக்கு முதல் நாளே ஒரு சொல் கண் முன்னே வந்து நிற்க வேண்டும். வந்தால்தான் மறுநாள் ஓடி வரும்.

சிரமமும் இருக்கிறது. அ-வும் ஆ-வும் இடது சுண்டு விரலுக்கு. 'அம்மா' என்று அடிக்கத் தொடங்குவதும் அந்த விரல், முடிப்பதும் அந்த விரல். பிள்ளைகள் கையையே தூக்கி ஆ-வைத் தேடுவார்கள். ஆள்காட்டி விரல் மேட்டை விட்டு அசையக் கூடாது, சுண்டு விரல் மட்டும் எட்ட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து பழக்க வேண்டியிருக்கிறது. விரல் வலிக்கிறது என்றால் உடனே நிறுத்தி, கையை உதறச் சொல்லிவிடுவேன்.

தமிழ் 99-இல் எனக்கு மிகப் பிடித்த விஷயம் வேறு. செல்போனில் ஆங்கில எழுத்தில் தட்டினால் எது லகரம், எது ளகரம் என்பதைப் பெரும்பாலும் கருவியே ஊகித்துத் தந்துவிடுகிறது. பிள்ளை முடிவு செய்வதில்லை. இங்கே முடிவு செய்தாக வேண்டும். வலது ஆள்காட்டி விரல் கீழே இறங்கினால் ல, அதே விரல் மேலே ஏறினால் ள. ழ வேண்டுமென்றால் சுண்டு விரல் இறங்க வேண்டும். ரகரமும் றகரமும்கூட இப்படித்தான்: இறங்கினால் ர, ஏறினால் ற. 'பள்ளி'க்கும் 'பல்லி'க்கும் உள்ள வேறுபாடு விரலின் அசைவிலேயே பதிந்துவிடுகிறது. கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் திருத்தித் திருத்தி வராதது இதில் சிலருக்கு வந்திருக்கிறது. சொல்வதெழுதுதலின்போது ஒரு பையன் மேசை மேல் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு எழுதினான். சரியாக எழுதியிருந்தான்.

வேகத்தைப் பற்றி நான் பேசுவதே இல்லை. முதல் வாரங்களில் பேக்ஸ்பேஸைத் தொடவும் விடுவதில்லை. தப்பு தப்பாகவே இருக்கட்டும், அடுத்த சொல்லுக்குப் போ என்பேன். அழிக்க முடியாது என்று தெரிந்தால் விரல் நிதானமாக இறங்கும். பார்க்காமல் அடிக்கப் பழகிவிட்டால் வேகம் தானாக வரும். 1888-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் நடந்த தட்டச்சுப் போட்டியில் ஃபிராங்க் மெக்கரின் விசைகளைப் பார்க்காமலே அடித்து வென்றார். பிறர் சொல்லச் சொல்ல அடிப்பதைவிட, தாளைப் பார்த்து அடிப்பதில் அவர் இன்னும் அதிகமாக முந்தினார். எதிராளியின் கண் தாளுக்கும் விசைக்கும் அலைந்தது. இவர் கண் தாளை விட்டு நகரவில்லை. பாடப் புத்தகத்தைப் பார்த்து அடிக்கும் பிள்ளை வரியைத் தவறவிடுவதும் அந்த அலைச்சலால்தான்.

'இனி பேசினாலே எழுத்தாகிவிடுமே' என்கிறார்கள். ஆகட்டும், நல்லதுதான். ஆனால் முப்பது பிள்ளைகள் ஓர் அறையில் ஒரே நேரத்தில் பேசி எழுத முடியாது. எழுதியதைத் திரும்பிப் படித்து, ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் எழுதக் கற்றுக்கொள்வது. அதற்கு விரல் வேண்டும்.

அரசு நடுநிலைப் பள்ளிகளுக்கும் இப்போது ஹைடெக் லேப் வந்துகொண்டிருக்கிறது. பிள்ளைகள் அங்கே காணொளி பார்த்து, சரியான விடையை மவுஸால் கிளிக் செய்துவிட்டு எழுந்து போய்விடக் கூடாது. ஜூனில் கால அட்டவணை போடும் தலைமையாசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஆறாம் வகுப்புக்கு வாரம் இரண்டு பீரியடில் இருபது இருபது நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மதிப்பெண் வேண்டாம், போட்டி வேண்டாம். தமிழாசிரியரையும் லேபுக்குள் அழைத்து வாருங்கள். அவர் கொடுக்கும் கட்டுரைகளில் மாதம் ஒன்றையாவது பிள்ளைகள் அடித்துக் கொடுக்கட்டும்.