கேசட்டை அனுப்பினது யாரு? - ஹனேகேயின் 'கேஷே'

ஆஸ்திரிய இயக்குநர் மைக்கேல் ஹனேகே 2005ல் பிரெஞ்சில் எடுத்த 'கேஷே'யைப் பத்தி யார் பேசினாலும், "அந்த வீடியோ கேசட்டை அனுப்பினது யாரு?"ன்னுதான் கடைசியில் வந்து நிக்கிறாங்க. எனக்கென்னவோ இந்தக் கேள்வியே படத்தில் சும்மா ஒரு தூண்டில்னு தோணுது. (கதையைச் சொல்லித்தான் ஆகணும். படம் பார்க்காதவங்க இங்கேயே கழண்டுக்கலாம்!)

ஜார்ஜ் டிவியில் இலக்கிய நிகழ்ச்சி நடத்துபவர். பாரீஸில் மனைவி, மகனோடு வசதியான வாழ்க்கை. ஒருநாள் அவர் வீட்டு வாசலை மட்டும் மணிக்கணக்கா படம்பிடிச்ச கேசட் ஒண்ணு வருது. மிரட்டல் இல்லை, பணமும் கேட்கலை. அப்புறம் ரத்தம் கக்குற முகம், கழுத்து அறுபட்ட சேவல்னு குழந்தைக் கிறுக்கலில் படங்கள். ஜார்ஜுக்கு மட்டும் புரியுது.

மஜித்! ஜார்ஜோட அப்பா அம்மா பண்ணையில் வேலை பார்த்த அல்ஜீரியத் தம்பதியின் பையன். 1961 அக்டோபர் 17 அன்னைக்கு, அல்ஜீரியர்களுக்குப் போட்ட ஊரடங்கை எதிர்த்துப் பாரீஸில் நடந்த ஊர்வலத்துக்குப் போன பெத்தவங்க திரும்பவே இல்லை. போலீஸ் ஆட்களை அடிச்சு சேன் நதியில் வீசின ராத்திரி அது. 1998ல் அரசு ஒத்துக்கிட்ட கணக்கே 40. அதைவிடப் பல மடங்குன்னு சொல்ற வரலாற்றாசிரியர்களும் உண்டு. அநாதையான மஜித்தை அந்தக் குடும்பம் தத்தெடுக்க நினைக்க, ஆறு வயசு ஜார்ஜ் கோள்மூட்டி அவனைத் துரத்திடறான். அந்தச் சேவலை அறுக்கச் சொல்லி ஏவிவிட்டதே இவன்தான்.

சரி, ஆறு வயசுப் பையனை யாரு தூக்கில போடப்போறா? நாற்பதைத் தாண்டின ஜார்ஜ் என்ன பண்றார்ங்கறதுதான் விஷயம். மஜித் வீட்டுக்கே போய் மிரட்டறார். வீட்டுல ஆளே இல்லைன்னு பெண்டாட்டிகிட்ட கூசாம பொய் சொல்றார். மன்னிப்பு? ம்ஹூம்.

மஜித் அவரைக் கைநீட்டி அடிக்கலை. ஒருநாள் வரச்சொல்லி, நீ இருக்கணும்னுதான் கூப்பிட்டேன்னு சொல்லிட்டு, கண்ணெதிரிலேயே கழுத்தை அறுத்துக்கறார். பின்னணி இசை கிடையாது, கேமரா அசையக்கூட இல்லை. பழிவாங்கும் படங்கள் நிறைய பார்த்தாச்சு. 'பார்த்துக்கோ'ங்கறதையே தண்டனையா குடுக்கிற இந்த மாதிரி ஒண்ணைப் பார்த்ததில்லை.

இதுக்கப்புறம் ஜார்ஜ் நேரா எங்க போறார் தெரியுமா? சினிமாவுக்கு! மஜித்தோட மகன் ஆபீசுக்கே வந்து கேட்டப்பவும் எகிறத்தான் செய்யறார். வீட்டுக்கு வந்து ரெண்டு மாத்திரையைப் போட்டு, திரையை இழுத்து மூடிட்டுப் படுத்துடறார்.

கடைசிக் காட்சியில் ஸ்கூல் வாசல் கூட்டத்தில் ரெண்டு பேரோட மகன்களும் நின்னு பேசறாங்க. என்ன பேசறாங்கன்னு நமக்குக் கேட்காது. அவங்கதான் கேசட் அனுப்பினதுன்னு ஒரு கட்சி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்.