அரங்கம் நிறைவது யார் பொறுப்பு?

2018-இல் நியூயார்க் லிபர்ட்டி அணியின் பெரும்பாலான ஆட்டங்களைப் பார்க்க விரும்பியவர்கள் நியூயார்க் நகரத்தை விட்டே வெளியேற வேண்டியிருந்தது. அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ. தொடங்கிய 1997-ஆம் ஆண்டு முதல் களத்தில் இருக்கும் அணி அது. மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆயிரக்கணக்கானோர் முன் ஆடி வளர்ந்தது. உரிமையாளர் அதை விலைக்குப் போட்டுவிட்டு, வாங்க ஆள் வரும்வரை ஒயிட் பிளெயின்ஸ் ஊரில் உள்ள ஒரு சின்ன மண்டபத்துக்கு அனுப்பிவிட்டார். அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக மூவாயிரம் பேர்கூட வரவில்லை. பெண்கள் ஆட்டத்துக்கு மவுசு இல்லை என்று பேசியவர்களுக்கு வசதியான சான்று கிடைத்தது.

மறு ஆண்டே ஜோ சாய், கிளாரா வூ சாய் தம்பதி அணியை வாங்கினார்கள். புரூக்ளினில் உள்ள பார்க்லேஸ் சென்டருக்கு அதைக் கொண்டுவந்தார்கள். நல்ல வீராங்கனைகளைச் சேர்த்தார்கள், பயணத்துக்கும் பயிற்சிக்கும் தாராளமாகச் செலவு செய்தார்கள். 2024-இல் சராசரிக் கூட்டம் 12 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த அக்டோபரில் லிபர்ட்டி முதன்முறையாகக் கோப்பையை வென்ற இரவில் அரங்கில் 18 ஆயிரம் பேர் இருந்தார்கள். ஆறே ஆண்டுகளில் நியூயார்க்காரர்களின் ரசனை அடியோடு மாறிவிட்டதா? ரசனை அங்கேயேதான் இருந்தது. அது உட்கார இடம் இல்லாமல் இருந்தது.

ஆண்கள் ஆட்டமா, பெண்கள் ஆட்டமா என்ற சண்டை பல காலமாக ஒரே இடத்தில் சுற்றுகிறது. யாரும் பார்ப்பதில்லை, அதனால் காசு இல்லை என்கிறது ஒரு தரப்பு. காசு போடாததால்தான் யாரும் பார்ப்பதில்லை என்கிறது மற்றது. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்வோம். ஆண்கள் லீக்கான என்.பி.ஏ. வருமானத்தில் பல மடங்கு பெரியது. அதன் உரிமையாளர்களின் ஆதரவு இல்லாமல் பெண்கள் லீக் பிறந்திருக்காது. உயரத் தாவி வளையத்துக்குள் பந்தை அடித்து இறக்கும் டங்க்தான் எனக்குப் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால் அது அவர் விருப்பம். யாரையும் வற்புறுத்திப் பார்க்க வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஆனால் ஆர்வம் என்பது மண்ணிலிருந்து தானாக முளைத்தது என்ற நம்பிக்கையை மட்டும் நாம் கைவிட்டாக வேண்டும்.

என்.பி.ஏ.யின் வரலாறே இதற்குச் சாட்சி. 1980 மே மாதம், இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். இருபது வயது மேஜிக் ஜான்சன் 42 புள்ளிகள் குவித்து லேக்கர்ஸ் அணிக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் அந்த ஆட்டத்தை நேரலையில் காட்டவில்லை. பதிவு செய்து இரவு பதினொன்றரை மணிக்கு ஒளிபரப்பினார்கள். அப்போது அந்த லீக்குக்கு வயது 34. பெண்கள் லீக் இன்னும் அந்த வயதை எட்டவில்லை.

ஆண்கள் ஆட்டத்துக்குப் பல தலைமுறைகள் பொறுமை காட்டின. பெண்களுக்கு என்ன காட்டினோம்? அமெரிக்கத் தொலைக்காட்சியின் விளையாட்டுச் செய்திகளை முப்பது ஆண்டுகளாக அளந்துவந்த ஆய்வாளர்கள், 2019-இல் பெண்கள் விளையாட்டுக்குக் கிடைத்த நேரம் 5.4 விழுக்காடு என்று கண்டார்கள். பெண்கள் கால்பந்து உலகக் கோப்பை நடந்த ஆண்டின் கணக்கு இது.

2021 மார்ச்சில் நடந்தது இன்னும் வெளிப்படை. கல்லூரி அணிகளுக்கான என்.சி.ஏ.ஏ. போட்டியில் ஆண்கள் இண்டியானாபொலிஸில் ஆடினார்கள், பெண்கள் சான் அன்டோனியோவில். ஆண்களுக்கு ஒரு பெரிய கூடம் முழுக்க எடைப் பயிற்சிக் கருவிகள். பெண்களுக்கு ஒரே ஒரு தாங்கியில் சில டம்பெல்கள், பக்கத்தில் யோகா பாய்கள். இடம் போதவில்லை என்று நிர்வாகம் சமாதானம் சொன்னது. ஓரிகன் பல்கலைக்கழக வீராங்கனை ஒருவர் கைப்பேசிக் கேமராவை அப்படியே திருப்பி, பின்னால் வெறுமனே கிடந்த பரந்த இடத்தை உலகத்துக்குக் காட்டினார். அதன்பின் என்.சி.ஏ.ஏ. அமர்த்திய சட்ட நிறுவனம் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. பெண்கள் போட்டியின் ஒளிபரப்பு உரிமை தனியாக விற்கப்படாமல், வேறு பல விளையாட்டுகளோடு ஒரே கட்டாகக் கொடுக்கப்பட்டிருந்தது. தனியாக விற்றால் 2025 முதல் ஆண்டுக்கு 8 கோடி முதல் 11 கோடி டாலர் வரை பெறும் என்று அந்த அறிக்கை மதிப்பிட்டது. விலை கேட்காமலேயே விலை போகாது என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

2024 ஏப்ரலில் அதே கல்லூரிப் போட்டியில் அயோவாவும் சவுத் கரோலினாவும் மோதிய பெண்கள் இறுதி ஆட்டத்தைச் சராசரியாக 1 கோடியே 89 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் நடந்த ஆண்கள் இறுதிக்கு 1 கோடியே 48 லட்சம். பெண்கள் இறுதியைப் பார்த்தோர் எண்ணிக்கை ஆண்கள் இறுதியை முந்தியது அதுவே முதல் முறை. அயோவாவின் கெய்ட்லின் கிளார்க் என்ற ஒருவரின் ஈர்ப்பு அதில் பெரும்பங்கு வகித்தது. அவர் கல்லூரியை விட்டுப் போன மறு ஆண்டு எண்ணிக்கை 85 லட்சமாக இறங்கியது. பெண்கள் ஆட்டம் எல்லோருக்கும் கிடைக்கும் ஏ.பி.சி. அலைவரிசையில் வந்தது, ஆண்கள் ஆட்டம் கட்டண கேபிளில் வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. எந்த அலைவரிசையில், எந்த நேரத்தில் காட்டுகிறோம் என்பது கூட்டத்தைத் தீர்மானிக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்? அந்த இறங்கிய 85 லட்சமும், 2022 இறுதியைப் பார்த்தவர்களைவிட மிக அதிகம்.

சம்பளப் பேச்சில்தான் இரு தரப்பும் அதிகம் முட்டிக்கொள்கின்றன. டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் புதிய வீராங்கனைகளை எடுக்கும் 2024 தேர்வில் முதல் ஆளாகத் தேர்வான கிளார்க்குக்கு லீக் கொடுத்த முதலாண்டுச் சம்பளம் 76,535 டாலர். அதே ஆண்டு ஆண்கள் பக்கம் முதலாவதாகத் தேர்வானவருக்கு 1 கோடியே 20 லட்சம் டாலருக்கு மேல். வீராங்கனைகள் அந்தக் கோடிகளைக் கேட்கவில்லை. ஆண் வீரர்களுக்கு லீக் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி போகிறது; எங்கள் லீக் ஈட்டுவதில் எங்களுக்கும் நியாயமான விகிதம் வேண்டும் என்பதே 2025 ஜூலையில் நட்சத்திர ஆட்டத்துக்கு முன் அவர்கள் சட்டையில் அச்சிட்டு அணிந்துவந்த வாசகத்தின் பொருள். கணக்குத் தெரிந்த எவரும் மறுக்க முடியாத நியாயம் அது.

ரசிகர்களுக்கும் பொறுப்பு உண்டு. கிளார்க்கோடு சேர்ந்து லட்சக்கணக்கான புதியவர்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் வசையையும் கொண்டுவந்தார்கள். பதினொரு ஆண்டு ஆடிய காலத்தில் இப்படிப்பட்ட இனவெறிப் பேச்சைக் கேட்டதில்லை என்று கனெக்டிகட் சன் அணியின் அலிஸா தாமஸ் 2024-இல் செய்தியாளர்களிடம் சொன்னார். இந்த லீக்கைக் கால் நூற்றாண்டு தாங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். ஒரு வீராங்கனையைக் கொண்டாட இன்னொருத்தியைத் திட்ட வேண்டும் என்று நினைப்பவர் ஆட்டத்துக்கு ரசிகர் அல்ல.

தனி ஒருவரால் என்ன ஆகும் என்பவர்களுக்குப் போர்ட்லாந்தின் ஜென்னி நுயென் பதில். 2018-இல் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்தை நண்பர்களோடு ஒரு பாரில் பார்க்கப் போனார். கேட்டபின் ஒரு சின்னத் திரையில், ஒலி இல்லாமல் போட்டார்கள். 2022 ஏப்ரலில் பெண்கள் விளையாட்டை மட்டுமே காட்டும் ‘தி ஸ்போர்ட்ஸ் பிரா’ என்ற பாரைத் தானே திறந்தார். 2025-இல் வேறு நகரங்களிலும் கிளை தொடங்குவதாக அறிவித்தார்.

அணி உரிமையாளர்கள் முதலீட்டுக்குக் காலம் கொடுக்கட்டும். அலைவரிசைகள் நல்ல நேரத்தை ஒதுக்கட்டும். மிச்சம் பார்வையாளர் கையில். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் வாழ்கின்றன. அங்கே 2025-இல் புதிதாக வந்த கோல்டன் ஸ்டேட் வால்கிரீஸ் அணி, முதல் பருவத்தின் சொந்த மண் ஆட்டங்கள் அத்தனைக்கும் டிக்கெட்டுகளை விற்றுத் தீர்த்தது. அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது மகளுக்கு மட்டும் எடுக்காதீர்கள், மகனையும் கூட்டிப்போங்கள்.