முதல்ல காலுக்கு, கடைசியா கெமராவுக்கு

போன வருஷம் எங்க பெட்ச்ல எட்டுப் பேர் ஹந்தானை ஏறினோம். கம்பஸுக்கு மேல நிற்கிற மலைதானே, பின்னேரத்துக்குள்ள போய்ட்டு வந்துடலாம்னு நினைப்பு. எங்ககிட்ட இருந்த சாமானைச் சொல்றேன்: ரெண்டு கிம்பல், ஒரு எக்ஷன் கெமரா, ஒருத்தனோட அண்ணன்கிட்ட கடன் வாங்கின ட்ரோன், நல்ல போன் ஆறு. டோர்ச் ஒன்று. அதுவும் சாவிக்கொத்துல தொங்குற சின்னது.

மூணு மணிக்கு மேல மூடுபனி இறங்குச்சு. ஹந்தானை தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்ல. பத்தடி முன்னால போறவரோட முதுகு தெரியாது, மானாப் புல்லுக்குள்ள எல்லாப் பாதையும் ஒரே பாதை மாதிரி இருக்கும். அந்த நேரம் பார்த்து ஒருத்தனோட பூட்ஸ் அடி கழன்று விழுந்துச்சு. கிழியல்ல, அப்படியே கேக் துண்டு மாதிரி உதிர்ந்து விழுந்துச்சு. மேல்பக்கம் புதுசு போல பளபளன்னு இருக்கு. மிச்ச இறக்கத்தை அவன் லேசால அடியைச் சுத்திக் கட்டிக்கிட்டுத்தான் இறங்கினான். ரோட்டுக்கு வரும்போது மணி எட்டு. வெளிச்சத்துக்குப் போனைப் பிடிச்சுக்கிட்டே வந்ததால நாலு போன் செத்துப்போயிருந்தது. இவ்வளவு கஷ்டப்பட்டு எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தால், ஊஊஊன்னு காத்து. யார் என்ன பேசினோம்னு ஒரு வசனம் விளங்கல்ல.

அதுக்குப் பிறகுதான் 'காசுக்குப் பெறுமதியான ஹைக்கிங் சாமான்' வீடியோக்களை ஒழுங்காப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க ஒன்று விளங்குச்சு. அந்தப் பட்டியல்கள் எங்களுக்காகப் போட்டது இல்ல. "நூறு டொலருக்குள்ள" என்று ஒருத்தர் சிரிச்சுக்கிட்டே சொல்லுவார். 2022 மார்ச்சுக்கு முன்னால நூறு டொலர் எங்களுக்கு இருபதாயிரம் ரூபா. ரெண்டே மாசத்துல அது முப்பத்தாறாயிரத்தைத் தாண்டிச்சு, பிறகு முப்பதாயிரத்துக்குப் பக்கத்துல இறங்குச்சு. 2024லயிருந்து அதுக்கு மேல 18 வீதம் வற் வேற. மகாபொலக் காசுல சாப்பாடும் போட்டோகொப்பியும் பார்க்கிற ஆளுக்கு 'மலிவு'ன்ற சொல்லுக்கு வேற அர்த்தம். காசு மட்டும் இல்ல, காலநிலையும் வேற. அவங்க ஏறுறது காய்ஞ்ச குளிர் மலை. நாங்க ஏறுறது ஈரத்துல, அட்டைக்கு நடுவுல. விலை மாசத்துக்கு மாசம் மாறுது, அதனால இங்க விலை எழுதல்ல. எதை முதல்ல வாங்கணும், எதை வாங்கவே கூடாதுன்றதைத்தான் எழுதுறேன்.

முதல் காசு காலுக்கு. இதுல எனக்கு ரெண்டாவது கருத்து இல்ல.

அந்தப் பூட்ஸ் ஏன் உதிர்ந்தது? அது நடைபாதைக் கடையில வாங்கின வெளிநாட்டுப் பழைய பூட்ஸ். பெரிய பிராண்ட், நம்ப முடியாத மலிவு. ஹைக்கிங் பூட்ஸ் நிறைய வகைகள்ல நடு அடி பொலியூரிதேன்ல செய்றாங்க. அந்தப் பொருளை ஈரக்காத்து உள்ளுக்குள்ளேயே அரிக்கும். பாவிச்சாத்தான் தேயும்னு இல்ல, பெட்டிக்குள்ள சும்மா வைச்சிருந்தாலும் சில வருஷத்துல மாவாப் போகும். அதனால 'ஒரு தரம்கூடப் போடாத பழைய பூட்ஸ்'னு யாராவது சொன்னா அது நல்ல செய்தி இல்ல, பயப்பட வேண்டிய செய்தி. வாங்க முதல் அடியை நல்லா மடக்கிப் பாருங்க, பக்கவாட்டுல நகத்தால அழுத்திப் பாருங்க. வெடிப்புத் தெரிஞ்சா, பிசுபிசுத்தா, பொடி உதிர்ந்தா வைச்சிட்டு வந்துடுங்க. சில சப்பாத்துகள்ல நாக்குக்கு உட்பக்கம் இருக்கிற லேபல்ல செய்த மாசமும் வருஷமும் அடிச்சிருக்கும், அதையும் பாருங்க.

எங்க ஒருநாள் நடைக்கு உயரமான பூட்ஸே தேவையில்லன்றதுதான் என் எண்ணம். ரப்பர் அடியும் ஆழமான பல்லும் இருக்கிற சாதாரண உள்ளூர்ச் சப்பாத்து போதும். வாங்கின கையோட டவுன்ல சப்பாத்து தைக்கிறவர்கிட்டக் கொடுத்து அடியைச் சுத்தித் தையல் போட்டுடுங்க. பசையை மட்டும் நம்புறதை விட அது எவ்வளவோ மேல். பின்னேரத்துல போய் அளவு பாருங்க, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விரலுக்கு முன்னால கொஞ்சம் இடம் இருக்கணும், இல்லாட்டி இறங்கும்போது நகம் போயிடும். பெண் பிள்ளைகளுக்குத்தான் இதுல பெரிய கரைச்சல். கடையில ஆம்பிளை அளவுல ஆகச் சின்னதை எடுத்துத் தருவாங்க. நீளம் சரியா இருக்கும், ஆனா குதிகால் உள்ளுக்குள்ள வழுக்கும். அப்ப லேசை மேல் ஓட்டை வரைக்கும் கோத்துக் கட்டுங்க. அதுக்கும் சரிவராட்டி அந்தச் சப்பாத்து வேணாம்.

அட்டைக்கு டெட்டோல், உப்பு, சித்தாலேப என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லுவாங்க. எங்க அம்மா அப்புத்தளைப் பக்கம் தோட்டத்துல கொழுந்து எடுக்கிறவங்க. காலுல காய்ஞ்ச சவுக்காரத்தைத் தடவிட்டுத்தான் மலைக்குப் போவாங்க, மழை கழுவினால் திரும்பத் தடவணும். சாதாரண சொக்ஸ் உதவாது, பின்னல் இடைவெளியால அட்டை உள்ள வந்துடும். முழங்கால் வரைக்கும் வர்ற அட்டை சொக்ஸ் நெருக்கமா நெய்த துணியில தைச்சது. அதைக் கடையிலயும் வாங்கலாம், அளவு கொடுத்தா ஊர்த் தையல்காரரும் தைப்பார். ரெண்டுலயும் வேலை ஒன்றுதான்.

மழைக்கோட்டு விஷயத்துல ஆகக் கூட ஏமாற்றப்படுறோம். 'மழை உள்ள வராது, வியர்வை வெளியில போகும்' என்று விற்கிற விலை கூடின ஜெக்கட் இருக்கே, வெளிக்காத்து உள்ளை விடக் காய்ஞ்சு இருந்தால்தான் அது ஒழுங்கா வேலை செய்யும். வெளியிலயும் ஈரம் நிரம்பியிருந்தால் வியர்வை எங்க போறது? நக்கிள்ஸ்ல மழைக்குள்ள ஏறுறவர் மூணு மடங்கு காசு கொடுத்தும் உள்ளுக்குள்ள நனைஞ்சுதான் போவார். பேக்கையும் சேர்த்து மூடுற அகலமான பொன்ச்சோ வாங்குங்க, கீழ் பக்கத்தால காத்துப் போகும். பேக்குக்கு உள்ள ஒரு தடிச்ச பொலித்தீன் உறை. அம்மாட்ட நான் ஜெக்கட் விலையைச் சொன்னப்போ அவங்க சிரிக்கல்ல, "அதுக்கு எத்தனை நாள் பேரு?" என்று மட்டும் கேட்டாங்க.

உடுப்புக்குக் காசு செலவழிக்காதீங்க. ஜீன்ஸும் பருத்தி டீசேட்டும்தான் வேணாம், நனைஞ்சா காயாது. ஹோட்டன் சமவெளி ரெண்டாயிரம் மீற்றருக்கு மேல. கொழும்பு 28 பாகையில வேர்க்கும்போது அங்க 15 பாகைக்குக் கிட்ட இருக்கும், விடியக்காலையில இன்னும் குறையும். ஈரப் பருத்தியோட காத்துல நின்றால் நடுக்கம் பிடிக்கும். ஃபெகல்ட்டி ஸ்போர்ட்ஸ் மீட்டுக்கு அடிச்ச பொலியெஸ்டர் ஜெர்சி எல்லார்கிட்டயும் இருக்குமே, நிறம் எவ்வளவு கேவலமா இருந்தாலும் ஹைக்கிங்குக்கு அதுதான் நல்ல சட்டை.

அடுத்தது வெளிச்சம். தலையில மாட்டுற ஹெட்லேம்ப், ஆளுக்கு ஒன்று இல்லாட்டியும் ரெண்டு பேருக்கு ஒன்றாவது வேணும். பெட்டியில பத்தாயிரம் லூமன்னு போட்டிருக்கிற மலிவு லைட்டை நம்பாதீங்க. நடக்க இருநூறு லூமன் தாராளம். சிவனொளிபாதமலைக்கு சீசன்ல போனா படி முழுக்க லைட் இருக்கும். சீசன் மார்கழிப் போயாவுல தொடங்கி வெசாக்கோட முடியும். அதுக்குப் பிறகு போறவர் தன் வெளிச்சத்தோடதான் போகணும்.

பவர் பேங்க் வாங்கும்போது கையில தூக்கிப் பாருங்க. உண்மையான பத்தாயிரம் மில்லி ஆம்பியர் பவர் பேங்க் கிட்டத்தட்ட இருநூறு கிராம் வரும். அதே பாரத்துல ஐம்பதாயிரம்னு அடிச்சிருந்தால் அது பொய், பட்டரிக்கு அவ்வளவு சின்ன உடம்பு கிடையாது. உண்மையான பத்தாயிரமும் போனுக்கு ஏத்தும்போது ஆறாயிரத்துச் சொச்சம்தான் தரும். சிக்னல் இல்லாத இடத்துல போனை ஃப்ளைட் மோட்ல போடுங்க, சிக்னல் தேடித்தேடியே சார்ஜ் இறங்கும். ஒரு போனை முழுசா நிறுத்தி, பொலித்தீன்ல சுத்தி பேக்குக்குள்ள வைச்சிடுங்க. அது யாருக்கும் ரீல் எடுக்கக் கொடுக்கக் கூடாத போன்.

இப்ப கெமரா. கையில இருக்கிற போன் போதும்னு சொன்னா சிலருக்குக் கோவம் வரும். ஆனா எக்ஷன் கெமரா எங்க வேலைக்கு அவ்வளவு பொருந்தாது. சைக்கிள்ல பாயுறவருக்கும் தண்ணிக்குள்ள குதிக்கிறவருக்கும் செய்தது அது. அதோட அகலமான லென்ஸ்ல தூரத்து மலை மணல் மேடு மாதிரித் தெரியும். நீங்க மூச்சு வாங்க ஏறினது படத்துல ஒரு சின்னத் திட்டி. சென்சர் சின்னது, அதனால விடியக்கருக்கல்ல புள்ளி புள்ளியா வரும். நாங்க வீடியோ எடுக்க ஆசைப்படுறதே அந்த நேரத்துலதானே. போன்ல மெயின் லென்ஸையே பாவிங்க, அகல லென்ஸுக்குப் போகாதீங்க. லென்ஸைத் துடைங்க. இது சும்மா சொல்றது இல்ல, எங்க மங்கலான வீடியோவுல பாதி வியர்வைக் கை பட்டது. 1080 பியில எடுத்தா போன்ல இடமும் மிஞ்சும், பட்டரியும் மிஞ்சும். பார்க்கிறவங்களும் போன்லதான் பார்க்கப் போறாங்க.

கிம்பல் வேணவே வேணாம். பழைய சொக்ஸ் ஒன்றுக்குள்ள அரிசி நிரப்பி வாயைத் தைச்சு, கல்லு மேல வைச்சு அதுல போனை ஊன்றிப் பாருங்க. பத்து செக்கன் அசையாம நிற்கிற ஒரு ஷொட், நடந்துக்கிட்டே எடுத்த மூணு நிமிஷத்தை விடப் பெறுமதி. கிம்பலுக்கு வைச்ச காசுல ஒரு சின்னப் பங்கைச் சத்தத்துக்குப் போடுங்க. வயர் உள்ள கொலர் மைக் மலிவு. அதுக்கு மேல பொம்மைக் கடை ரோமத் துணியில ஒரு தொப்பி தைச்சுப் போட்டால் காத்து அடங்கும். மைக்கும் இல்லையா, இன்னொரு போன்ல ஹேண்ட்ஸ்ஃப்ரீயைச் சொருகி, மைக் பக்கத்தைச் சட்டைக்குள்ள விட்டு ரெக்கோட் பண்ணிட்டு வீட்டுல வந்து சேருங்க. படம் கொஞ்சம் மங்கினால் மன்னிப்பாங்க, சத்தம் விளங்காட்டித் தள்ளிட்டுப் போயிடுவாங்க.

பழைய டிஎஸ்எல்ஆர் வாங்க யோசிக்கிறவங்களுக்கு ஒன்று. லென்ஸைக் கழட்டி, ஒரு பக்கத்தால டோர்ச் அடிச்சு மறுபக்கத்தால பாருங்க. சிலந்தி வலை நூல் மாதிரித் தெரிஞ்சா அது பூஞ்சணம். மலைநாட்டு ஈரத்துல அது சர்வ சாதாரணம். நல்ல லென்ஸையும் பேக்குக்குள்ளேயே விட்டால் அப்படித்தான் ஆகும். இறுக்கமா மூடுற சாப்பாட்டுப் பெட்டியில சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

ட்ரோனைப் பத்தி எழுதாம விடலாம்னு இருந்தேன். சிவில் விமான சேவைகள் அதிகார சபையோட விதி இருக்கு, வனப் பூங்காக்குள்ள அனுமதி இல்லாமப் பறக்க விடவும் ஏலாது. அதை விட எனக்குச் சொல்ல இருக்கிறது வேற. பீக்கோ ட்ரெயில் ஹந்தானையில தொடங்கி, முன்னூறு கிலோமீற்றருக்கு மேல தோட்டங்களுக்குள்ளால போய், எங்க ஊர்ப் பக்கத்தாலயும் போகுது. நடக்க வர்றவங்க எங்களுக்குப் பாரம் இல்ல. ஆனா லயத்துக்கு மேல ட்ரோன் நிற்கும்போது கீழ பீலியில குளிக்கிற ஆள் ஓடி ஒளியணும். எந்த ரிவியூவுலயும் இதை அந்தச் சாமானோட குறைன்னு எழுதினதை நான் காணல்ல.

ஹந்தானைக்கு எங்களோட வராத ஒருத்தி இருக்கா. எப்பக் கூப்பிட்டாலும் "அசைன்மன்ட் இருக்குடி". நானும் நம்பினேன். பிறகு ஒருநாள் அவளே சொன்னா, லெக்சருக்குப் போடுற செருப்பைத் தவிர அவளிட்ட வேற ஒன்றும் இல்லன்னு. எங்க குரூப்ல கிம்பல் ரெண்டு சும்மா கிடந்தப்போ நடந்தது இது. வருஷத்துக்கு மூணு தரம் ஏறுற எட்டுப் பேருக்கு எட்டு பவர் பேங்க், எட்டு ஸ்டாண்ட் எதுக்கு? சப்பாத்தைத்தான் பங்கு போட முடியாது, மிச்சம் எல்லாத்தையும் பங்கு போடலாம்.

இப்ப எங்க ரூம்ல ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருக்கு. கிம்பல் ஒன்றை வித்த காசுல தொடங்கினது. உள்ள ரெண்டு ஹெட்லேம்ப், ஒரு நல்ல பவர் பேங்க், ஒரு கொலர் மைக், அஞ்சு சோடி அட்டை சொக்ஸ், மூணு பொன்ச்சோ, அரிசி சொக்ஸ் ஒன்று (ஒரு தரம் எலி கடிச்சு, திரும்பத் தைச்சது). பட்டியலைக் கதவுல ஒட்டியிருக்கோம், எடுக்கிறவர் பேரும் திகதியும் எழுதணும். மிச்சக் காசுல அவளுக்கு ஒரு சோடி சப்பாத்து வாங்கினோம், தையலும் போட்டாச்சு. முதல்ல வேணாம்னு சண்டை பிடிச்சா. இப்ப பெட்டிச் சாவி அவளிட்டத்தான். போன கிழமை பொன்ச்சோவை ஈரத்தோட மடிச்சு வைச்சதுக்கு எனக்கு நல்லா ஏச்சும் விழுந்துச்சு.